இடது பின்கதவு

சவரிநாதன் ஐஸ் கம்பெனியை மூடியபோது
எனக்குத் தர வேண்டிய பணத்துக்குப் பதிலாக
ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் சாவியைத் தந்தான்.
எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.
காசிமேட்டில் வஞ்சிரம் ஏலம் எடுக்கத் தெரியும்.
வட்டியாவது தேறுமா என்று
கொருக்குப்பேட்டை கேட் பக்கம்
டில்லிபாபுவின் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனோம்,
நானும் ஐஸ் பெட்டி தூக்குகிற மூன்று பையன்களும்.

முன்பக்கம் மொத்தத்தையும் கவிழ்த்துத் திறந்தான்,
சுறா வாய் பிளக்கிற மாதிரி.
"இஞ்சினு நல்லாகீது.
கதவுதான்க்கா, இடது பின்கதவு,
உப்புக்காத்து துன்னுடுச்சி."
விரலால் தொட்டான். அப்பளம்.

புதுசு வாங்கு என்றேன்.
"கம்பெனியே இல்ல, புதுசுக்கு எங்க போவ?
டூப்ளிகேட்டு கெடைக்கும். இல்லன்னா பழசு."

பழசு என்ற சொல்லுக்கு என் தொழிலில்
ஒரே இடம்தான், கருவாட்டுக் கூடை.
செவுளைத் தூக்கிப் பார்க்காமல்
சொந்தத் தம்பியிடமும் நான் மீன் வாங்கியதில்லை.
ஆகவே டூப்ளிகேட்.

பார்சலில் முதலில் கைப்பிடி வந்தது,
பஞ்சு சுற்றி, பிறந்த பிள்ளை மாதிரி.
அதில் என் முகம் தெரிந்தது, மூக்குத்தியோடு.
வைத்துப் பார்த்தால் ஓட்டைக்கு ஓட்டை இரண்டு நூல் தள்ளி.
கதவை ராவிடலாமே என்றேன்.
"சட்ட சேரலன்னு தோள செதுக்குவியாக்கா?"
ஐப்பசி மழை ஒன்று அடித்து ஓய்ந்தது.
ஆணியில் தொங்கிய கைப்பிடி மேல்
அம்மை போட்டது போல் கொப்புளங்கள்.
துடைத்தேன், பளபளப்பு துணியோடு வந்தது.
ஐஸில் வைத்தும் கண் குழிந்த மீன்.

பிறகுதான் எண்ணூரில் அந்தக் கதவு.
பழைய இரும்புக் கடை, பச்சை நிறம், கிலோ கணக்கில் விலை.
கீலைத் தூக்கிப் பார்த்தேன்,
செவுளைத் தூக்குகிற அதே இரண்டு விரலால்.
உள்ளே கறுப்பு கிரீஸ், இன்னும் ஈரமாக.
ஓரத்தை முகர்ந்தேன். கடைக்காரன் சிரித்தான்.
சிரிக்கட்டும், பாதி விலைக்கு முடித்தேன்.

டில்லிபாபு உப்புத்தாள் போட்டான்.
பச்சைக்கு அடியில் கறுப்பு,
கறுப்புக்கு அடியில் மஞ்சள்,
மஞ்சளில் பெயின்டர் கையெழுத்து, சிவப்பாக:
சிப் பள்ளி.

என்னடா இது, எந்தச் சிப்பள்ளி?
தலையைச் சொறிந்தவன் சாக்பீஸ் எடுத்து
எங்கள் வண்டியின் முன்கதவில் எழுதினான்:
ஓட்டுநர் பயிற்
நான் நடந்துகொண்டே வாசித்தேன்.
இரண்டு வண்டி சேர்ந்து ஒரு சொல்.

கதவின் உள்பக்கம், கைப்பிடிக்குக் கீழே,
நகக் கீறல்கள். நூறு இருக்கும்.
முன்னால் ஒருவன் ஓட்டப் பழகும்போது
தன் முறைக்குக் காத்திருப்பவர் உட்காரும் இடம்.
எந்த லாரியைப் பார்த்து யார் பிடித்த பிடியோ.
"இத்த கிழிச்சிட்டு புது ரெக்சின் போட்டுடவா?"
வேண்டாம் என்றேன்.

பிரேக்குக்கு மட்டும் பழசைத் தொடவே விடவில்லை.
நானே தேடிப் பிடித்த சிலிண்டர்,
அசல் கம்பெனி முத்திரையோடு இருந்தது,
அதைத் தூக்கிக் காயலான் மூட்டையில் வீசினான்.
"ஓடுறது பழசா இருக்கலாம்க்கா.
நிக்கிறது புதுசாத்தான் இருக்கணும்."
ரப்பர், குழாய், எண்ணெய்.
பில்லைப் பார்த்ததும் சவரிநாதனைத் திட்டினேன்.

இப்போது தந்த நிறம். காலை வெயில்
சாய்வாக விழும்போது மட்டும்
பெயின்டுக்கு அடியில் எழுத்துகள் புடைக்கின்றன.
அதன் தலைப்பாதி எங்கே ஓடுகிறதோ,
எந்த உலையில் உருகியதோ.

முதல் ஓட்டம், எண்ணூர் நெடுஞ்சாலை.
டில்லிபாபு ஓட்டினான். நான் பின்னால், இடது பக்கம்.
திருவொற்றியூர் தாண்டி
ஒரு கன்டெய்னர் லாரி விளக்குக் காட்டாமல் திரும்பியது.
என் கை கதவைப் பற்றியது. நகங்கள்
ஏற்கெனவே இருந்த கோடுகளில் விழுந்தன.
வலது கால் வெறும் தரையை மிதித்தது.
வண்டி நின்றது.

"எப்பிடிக்கீது நம்ம பிரேக்கு?" என்றான்
திரும்பிப் பார்க்காமல்.
நான் இன்னும் காலை எடுக்கவில்லை.